இன்னும் ஒரு தடவை தாங்கும் சிப்

மார்ச் 11, செவ்வாய்.

குருண் ரப்பர் தொழிற்சாலையில் ஒரு மெஷின் நின்றுகிடக்கிறது. அதை ஓட்டும் ப்ரோக்ராம் ஒரே ஒரு பழைய சிப்பில்தான் இருக்கிறது, நகல் கிடையாது. நகலெடுக்கத்தான் என் ரிப்பேர் கடைக்கு அனுப்பியிருந்தார்கள். ஆன்லைனில் மலிவாக வாங்கிய, சிப்பைப் படிக்கும் 'ப்ரோக்ராமர்' கருவியில் செருகிப் படித்தேன். 'ஓகே' என்றது. ஒத்துப்பார்க்க மறுபடி படித்தேன். அதற்கும் 'ஓகே'. ஆனால் முதலில் வந்தது ஒன்று, பிறகு வந்தது வேறொன்று. மூன்றாம் தடவை இரண்டுமே இல்லை, அதற்கும் 'ஓகே'!

கழற்றும்போது சிப்பின் ஒரு கால் அடியிலேயே விரிசல் விட்டுவிட்டது. இன்னும் ஒரு தடவை செருகலாம், அவ்வளவுதான். எதில் செருகுவது?

நல்ல ப்ரோக்ராமர் விற்கும் பினாங்கு கடைக்காரரைக் கேட்டேன். "இது படிக்கிற சிப் லிஸ்ட்ல உங்க சிப்பும் இருக்குக்கா. ஆனா நான் போட்டுப் பார்த்ததில்ல லா" என்றார். லிஸ்டை நம்பித்தானே இந்தச் சனியனையும் வாங்கினேன்!

மாலையில் தொழிற்சாலை மெக்கானிக் குமார் அண்ணன் போன் செய்தார். "என்னம்மா, சிப்பைப் படிச்சாச்சா? நாளைக்கு மெஷின் ஓடும்தானே?"

"ஓகேண்ணே" என்றேன், கொஞ்சமும் தயங்காமல், அந்தப் ப்ரோக்ராமரைப் போலவே.