பார்படோசுக்கு வாங்கிய சட்டை

மார்ச் 14, சனி. வெக்ஸ்போர்ட்.

பார்படோஸ் போக இன்னும் ஒரு வாரம். பயண விதிகளைப் படித்துச் சொல்லும் வேலையை மகள் வாணி என்னிடம் தந்திருந்தாள். பின்னேரம் எல்லோருக்கும் சொன்னேன். திரும்பி வரும் ரிக்கெற்றைக் காட்ட வேண்டும். அங்கே டாக்சிக்கு மீற்றர் இல்லை. ஏறுமுன்பே கூலியைப் பேசிக்கொள்ள வேண்டும். வாகனங்கள் இடப்பக்கம் ஓடும்.

அப்போது மருமகன் சுதன் ஒரு பையைக் கவிழ்த்தான். குடும்பப் படத்துக்கு எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சட்டை. பச்சையும் மண்ணிறமுமாக, ஆமிக்காரன் உடுப்பைப் போல. என்னுடையதை மடியில் போட்டான். இரண்டு விரலால் தூக்கிப் பக்கத்தில் வைத்தேன்.

"போட்டுப் பாருங்கோ மாமா. சும்மா ஸ்ரைலுக்கு."

"அங்கை உது தடை," என்றேன். "ஆமி உடுப்பு மாதிரி ஒண்டும் சனங்கள் போடக்கூடாதாம்."

"மாமா, நாங்கள் பீச்சுக்குப் போறம், சண்டைக்கு இல்லை!"

வாணி ஃபோனில் தேடிப் பார்த்தாள். "ஓம் சுதன், அப்பா சொல்லுறது சரி. எயார்போர்ட்டிலையே பறிச்சுப்போடுவாங்களாம்."

சட்டைகள் கடைக்குத் திரும்பப் போகின்றன. "நல்ல காலம் மாமா, நீங்கள் வாசிச்சது," என்று சுதன் தோளில் தட்டினான்.

சவர்க்காரம் போட்டுக் கை கழுவினேன். அருவருப்பு போகவில்லை. அது அந்தத் துணியின் மேல் வந்த அருவருப்பு மட்டும் என்றால் போயிருக்கும். யாழ்ப்பாணத்தில் அந்த உடுப்பு எங்கள் வீட்டுக்குள் நுழைந்த நாளை நான் அவனுக்குச் சொல்லவில்லை. இன்னொரு நாட்டின் சட்டத்தைச் சொன்னேன். அங்கே அப்படியொரு சட்டம் இல்லாதிருந்தால், அதை மாட்டிக்கொண்டு படத்துக்குச் சிரித்திருப்பேன்.