வஞ்சிரம் மீனால் பிழைத்த ஃபோன்

மச்சான்,

இன்று பெரும்பாக்கத்தில் ஒரு வேலைக்குப் போய்ப் பையைத் திறந்தேன். அடியில் உன் ஹெட்செட் கிடந்தது. காதில் மாட்டியதும் கருவாட்டு வாடை குப்பென்று அடித்தது. உன் அம்மா குப்பத்திலிருந்து கொடுத்தனுப்பும் பொட்டலத்தை நீ இந்தப் பையில்தான் போடுவாய். "வேலை செய்ற எடத்துல ஒருத்தன் கிட்ட வரமாட்டான் பாரு பாய்" என்பாய். நீ போய்ச் சேர்ந்து ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. வாடை மட்டும் போகிற வழியாக இல்லை.

திருமுடிவாக்கம் முதலாளியம்மாவை நினைவிருக்கிறதா? பட்டறை அங்கே, விற்பனை ஆபீஸ் பல்லாவரத்தில். இரண்டு இடத்திலும் ஒரு பெட்டி வைத்து, நடுவே இன்டர்நெட் ஃபோன் போட்டுக் கொடுத்தோம். தாம்பரத்தில் கடை போட்ட பிறகு நமக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. மணி என்னவோ நன்றாகத்தான் அடித்தது. எடுத்தால் மயான அமைதி. "மத்தியானத்துக்குள்ள பேசலைன்னா பெட்டியைக் கழட்டிக்கிட்டுப் போயிடுங்கப்பா" என்றார் அம்மா. பெட்டி போனால் பின்னாலேயே கடையும் போகும் என்று நமக்குத் தெரியும்.

பட்டறையில் நான் வயரை மாற்றினேன், பெட்டியை அணைத்துப் போட்டேன், துஆ ஓதினேன். பல்லாவரத்திலிருந்த நீதான் கண்டுபிடித்து மொபைலில் சொன்னாய். குரலைச் சுருக்கி மூட்டை கட்டி அனுப்பும் முறைக்குக் கோடெக் என்று பெயர். உன் பக்கத்துப் பெட்டி கட்டிய மூட்டையை என் பக்கத்துப் பெட்டிக்கு அவிழ்க்கத் தெரியவில்லை. இரண்டுக்கும் தெரிந்த ஒரு கோடெக்கை இரண்டு பக்கமும் முதலிடத்தில் வைத்தோம்.

பிறகு சோதனை. "அலோ அலோன்னா எல்லா லைனும் நல்லவனாட்டம் நடிக்கும் பாய். ரெண்டு பேரும் ஒண்ணா கத்தணும். அப்பதான் வண்டவாளம் தெரியும்" என்பது உன் கட்சி. அதனால் எந்த லைனையும் நாம், வாங்குகிறவன் நான், விற்கிறவன் நீ என்று பொய்யாக மீன் சண்டை போட்டுத்தான் சோதிப்போம். ஸ்பீக்கரைப் போட்டு ஆரம்பித்தேன்.

"இன்னா வஞ்சிரம் குடுத்த? செவுளு வெளுத்துகீது!"

"உன் மூஞ்சிதான் வெளுத்துகீது பாய்!"

மெஷின்கள் நின்றன. முதலாளியம்மா ஓடிவந்தார். "கூட்டாளிங்களுக்குள்ள ஒரு மீனுக்காகவா இப்படி?" என்று என்னிடமிருந்து ஃபோனைப் பிடுங்கினார். நீ உடனே மூக்கை உறிஞ்சினாய். "என் மீனைப் போய்க் கெட்டுப்போச்சுன்றாம்மா!" அம்மா உனக்கு ஆறுதல் சொல்லி, என்னை உன்னிடம் மன்னிப்புக் கேட்கவைத்து, டீயும் வரவழைத்தார். பாதி டீயில்தான், இவ்வளவு பஞ்சாயத்தையும் அந்தப் பேசாத ஃபோனிலேயே நடத்தியது அவருக்கு உறைத்தது. பெட்டி தப்பியது, கடையும் தப்பியது. இல்லாத மீனுக்கு நான் கேட்ட மன்னிப்பைப் போகிற இடமெல்லாம் சொல்லி என் மானத்தை வாங்கினாய்.

இன்றும் அதே கோளாறு, அதே வைத்தியம். ஆனால் மறுமுனையில் ஆள் இல்லை. பேசியதை அப்படியே திருப்பி அனுப்பும் சோதனை எண்ணை அழைத்து, "இன்னா வஞ்சிரம் குடுத்த? செவுளு வெளுத்துகீது!" என்று கத்தினேன். என் குரல் சுத்தமாகத் திரும்பி வந்தது. நீ என்றைக்காவது என்னை ஒரு வாக்கியம் முடிக்க விட்டிருக்கிறாயா? இப்போது எல்லாம் முழுசாக முடிகிறது. சகிக்கவில்லை மச்சான்.

உன் பதிலுக்கு இடம் விட்டேன். பிறகு உன் பங்கையும் நானே கத்தினேன்.

"உன் மூஞ்சிதான் வெளுத்துகீது பாய்!"

அது திரும்பி வந்து என் காதிலேயே என்னைத் திட்டியது. லைன் சரியாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.