‘பிறகு’ என்று அழுத்தியவர்கள்

அன்புள்ள பட்டாணிக்கு,

நீ நன்றாக இருப்பதாகப் போனில் உன் பெயருக்குப் பக்கத்தில் எரியும் பச்சைப் புள்ளி தினமும் காலையில் எங்களுக்குச் சொல்கிறது, அதற்கு மேல் சொல்ல அதற்குத் தெரியவில்லை, மீதியை நீதான் எழுத வேண்டும். இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் நலம். அம்மாவின் முழங்கால் வலி கூடவும் இல்லை குறையவும் இல்லை, “கூடப் பொறந்த மாதிரி ஆயிடுச்சு, விடுங்க” என்கிறாள். என் இருமல் நின்றுவிட்டது. இந்தக் காலத்தில் அப்பா ஏன் காகிதத்தில் எழுதுகிறார் என்று நினைப்பாய். உன் கையில் இருக்கும் போன் கம்பெனி கொடுத்தது என்று நீயே சொல்லியிருக்கிறாய், நான் எழுதப்போவது அதில் வரக் கூடாது. இன்னொன்று, போனில் தட்டினால் நாலு வரி எழுதி மூன்றை அழித்துவிடுவேன், பேனாவால் அடித்தால் அடித்தது கீழே தெரியும். அடித்ததையும் சேர்த்தே படி.

அத்தை போய் இன்றோடு இருபத்தாறு நாள். அன்றைக்கு நீ வர முடியாமல் போனதைப் பற்றி இங்கே யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, லீவு கிடைக்காத கதை எல்லோருக்கும் தெரியும். உனக்காகப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அம்மா, நடுவில் இரண்டு முறை படம் உறைந்து உன் முகம் பாதி அழுகையில் நின்றுவிட்டது. எல்லாம் முடிந்து நீ வைத்ததும் அந்தத் திரையில் இந்த அழைப்பு எப்படி இருந்தது, எத்தனை ஸ்டார் தருவீர்கள் என்று ஐந்து ஸ்டார் வரிசையாக வந்து நின்றது. அம்மா என்னிடம் நீட்டி, “இது என்னமோ கேக்குது, எதை அமுக்கணும்” என்றாள். எதற்கு எத்தனை ஸ்டார் என்று பன்னிரண்டு வருஷம் பத்திரிகையில் எழுதியவன் நான். போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

இனி நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், உனக்குத் தெரிந்ததும் இதில் வரும், பொறுத்துக்கொள், வரிசையாக எழுதாவிட்டால் எனக்கு யோசிக்க வராது. போன வருஷம் உங்கள் கம்பெனியின் கைப்பட்டை கடைக்கு வந்தபோது என் சனிக்கிழமைப் பக்கத்துக்கு அதைச் சோதித்துப் பார்த்தேன். கட்டியிருப்பவர் விழுந்தால் அதுவே தெரிந்துகொண்டு வீட்டாரைப் போனில் கூப்பிடும், வேலை செய்கிறது என்பதற்கு அடையாளமாகப் பட்டையில் ஒரு பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும் என்று விளம்பரம். படுக்கையறையில் மெத்தையைத் தரையில் போட்டு மூன்று முறை விழுந்தேன், மூன்று முறையும் நாற்பது விநாடிக்குள் அம்மாவின் போன் அடித்தது. அம்மா சிரித்த சிரிப்பில் அவளே மெத்தை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள், “கல்யாணமான நாளா நீங்க விழுந்து நான் பார்த்ததே இல்ல, இன்னொரு தடவை விழுங்க” என்றாள். நான்கரை ஸ்டார் கொடுத்தேன். ‘தனியாக இருப்பவர்கள் நம்பிக் கட்டிக்கொள்ளலாம்’ என்று கடைசி வரி. அதைப் படித்துத்தான் அத்தைக்கு ஒன்று நீ அனுப்பினாய். இருபத்தெட்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊரார் பேச்சை இணைத்துக்கொடுத்தவளுக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது. “எனக்கே ஒரு ஆபரேட்டரை வேலைக்கு வெச்சுட்டா பாரு உன் பொண்ணு” என்று கீழ்க்கடைத் தையல்காரரிடம் கையைக் காட்டிக்கொண்டு திரிந்தாள்.

அத்தைக்கும் எனக்கும் ஒரு ஏற்பாடு இருந்தது உனக்குத் தெரியும். படிக்காமல் எதற்கும் சம்மதம் என்று அழுத்தாதே என்பது என் சனிக்கிழமைப் பக்கத்தில் நான் நூறு முறை எழுதிய வரி. வாசகர்கள் யாரும் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை, கேட்ட ஒரே ஆள் என் அக்கா. வாரத்தில் போனில் எது வந்து நின்றாலும் ‘பிறகு’ என்று அழுத்தி வைப்பாள், ஞாயிற்றுக்கிழமை நான் போய்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சத்தமாகப் படிப்பேன், நான் சரி என்றால் விரலை வைப்பாள். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை உங்கள் அப்டேட் வந்தது. கைப்பட்டையில் இனிமேல் பாட்டு கேட்கலாம், சின்னச் சின்ன விளையாட்டு விளையாடலாம், அதற்காகப் புது நிபந்தனைகள், சம்மதமா பிறகா. அத்தை வழக்கம்போலப் ‘பிறகு’ என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போகவில்லை. மடிக்கக்கூடிய டிவி ஒன்றின் அறிமுக விழாவுக்கு ஒரு ஹோட்டலில் கூப்பிட்டிருந்தார்கள், ரிட்டையர் ஆகி வாரம் ஒரு பக்கம் மட்டும் எழுதும் நம்மையும் கூப்பிடுகிறார்களே என்ற அற்ப சந்தோஷத்தில் போனேன், மடித்து மடித்துக் காட்டினார்கள், கைதட்டிவிட்டு வந்தேன். செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்று அக்காவிடம் சொன்னதற்கு, “ஒரு அவசரமும் இல்லடா, ஏதோ பாட்டாம், நான் என்ன ஆடவா போறேன், மெதுவா வா” என்றாள்.

திங்கள் காலை ஆறு மணிக்குக் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். கடைசியில் தையல்காரர் மேலே ஏறிப்போய்க் கண்டுபிடித்தபோது மாலை நாலு. அந்தப் பத்து மணி நேரம் எப்படிப் போனது என்று நான் விசாரித்தேன், என் தொழில் அது, வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை. அத்தையும் தையல்காரரும் ஒரே பேப்பரைத்தான் படிப்பார்கள், அவள் படித்துவிட்டு எட்டு மணிக்குக் கீழே கொண்டுபோய்க் கொடுப்பாள். அன்று பேப்பர் கீழே வரவில்லை. முந்தின நாள் குறுக்கெழுத்தை அவளுக்கு மிச்சம் வைக்காமல் அவர் முழுசாகப் போட்டு முடித்துவிட்டார் என்று அத்தை அவரோடு சண்டை போட்டிருக்கிறாள். “கோவமா இருக்காங்க, தானா வருவாங்கன்னு நானும் வீம்பா இருந்துட்டேன் சார், ரெண்டு படி ஏறினா முடிஞ்சிருக்கும்” என்று அந்த மனிதர் இன்னும் தலையில் அடித்துக்கொள்கிறார். அவள் ஏன் கத்தவில்லை என்பது எனக்குப் புரியாமல் இருந்தது, கடைக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு தளம்தான், தையல் மிஷின் சத்தம் அவளுக்குக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் கொஞ்சம் தெளிவாக இருந்தபோது அவளே சொன்னாள், இதை நான் உன்னிடம் இதுவரை சொல்லவில்லை. “பச்சை எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சுடா. கூப்பிட்டிருக்கும், நீ வந்துக்கிட்டிருப்பேன்னு நெனச்சேன். ஆம்பளைங்க இருக்கற கடை, குளியலறையில கெடந்துக்கிட்டு எதுக்குக் கத்தணும்.” என் பக்கம் திரும்பி, “நீ சொன்ன மாதிரி ‘பிறகு’தான் அமுக்கினேன்” என்றாள். நான் திட்டுவேன் என்று நினைத்தாளா, நான் சொன்னதைச் சரியாகச் செய்தேன் என்று காட்டிக்கொண்டாளா, தெரியவில்லை. அதன் பிறகு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது, பேச்சில்லை, ஒன்பதாம் நாள் போய்விட்டாள். அவள் கையிலிருந்து நர்ஸ் கழற்றிக்கொடுத்த பட்டை என் மேஜை மேல்தான் இருக்கிறது. அந்தத் திங்கட்கிழமைக்கு அதில் எழுதியிருப்பது: நாற்பத்தோரு அடி நடந்திருக்கிறீர்கள், இன்னும் கொஞ்சம் முயலுங்கள்.

காரியமெல்லாம் முடிந்த மறுநாள் மெத்தையை மறுபடி தரையில் போட்டேன். புதிதாக ஒரு பட்டையைக் கட்டி, அப்டேட்டை வரவழைத்து, ‘பிறகு’ என்று அழுத்திவிட்டு விழுந்தேன். அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். அடிக்கவில்லை. மூன்றாவது முறை விழுந்தபோது அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள், மீதி நாலு முறை தனியாக விழுந்தேன். பச்சை எரிகிறது, நாடித்துடிப்பு காட்டுகிறது, அடியை எண்ணுகிறது, கூப்பிடுவது மட்டும் இல்லை. ‘சம்மதம்’ என்று அழுத்திய பிறகு விழுந்தேன், முப்பத்தெட்டு விநாடியில் சமையலறையில் போன் அடித்தது. பாட்டுக்குச் சம்மதம் சொல்லாதவர்களுக்கு விழுந்தால் கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டிருக்கிறார்கள், நிறுத்தியதை எங்கேயும் சொல்லவில்லை.

இதற்கு அடுத்ததை எழுதத்தான் மூன்று நாளாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். என் பக்கத்துக்கு வரும் வாசகர் கடிதங்களை ஆபீசில் ஒரு துணிப்பையில் போட்டு வைப்பார்கள், மாதம் ஒருமுறை போய் எடுத்துவருவேன். சோம்பலில் இரண்டு மாதம் போகவில்லை. இப்போதுதான் எடுத்து வந்து பிரித்தேன். செல்போன் சூடாகிறது, டிவி தானாகப் படம் மாற்றுகிறது, பையன் கேமை விட்டு எழுந்திருப்பதில்லை, எல்லாம் வழக்கமான கடிதம். ஒன்று ஒரு கடிகாரம் பழுதுபார்ப்பவர் எழுதியது. பேத்தி சோதனைக்கு என்று உங்கள் அப்டேட்டை எல்லோருக்கும் முன்னாலேயே போட்டுக்கொடுத்திருக்கிறாள், அவர் ‘பிறகு’ என்று அழுத்தியிருக்கிறார், விழுந்திருக்கிறார், பட்டை கூப்பிடவில்லை, இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. உங்கள் தளத்தில் ஒரே ஒரு ஸ்டார் போட்டுக் கருத்து எழுதியிருக்கிறார், கடிகாரக்காரர் இல்லையா, மணி நிமிஷத்தோடு எழுதியிருக்கிறார். அதற்குக் கம்பெனியிலிருந்து ஒரு பதில் வந்திருக்கிறது. மறுநாள் கருத்தும் இல்லை, பதிலும் இல்லை, விதிகளுக்குப் பொருந்தவில்லை என்று எடுத்துவிட்டார்களாம். ஆனால் மனிதர் முன்னெச்சரிக்கையாக இரண்டையும் படம் பிடித்து அச்செடுத்து எனக்கு அனுப்பியிருக்கிறார். தேதி, அத்தை விழுவதற்கு மூன்று வாரத்துக்கு முன்னால்.

பதிலின் கடைசி வரி இது: ‘லைன்லயே இருங்க, நாங்க எங்கயும் போகல.’

கம்பெனிக்காரர்கள் யாரும் அப்படி எழுத மாட்டார்கள். எக்ஸ்சேஞ்சில் ராத்திரி பகலாக லைனுக்குக் காத்திருந்தவர்களிடம் அத்தை சொல்லும் வார்த்தை அது. உனக்குக் காய்ச்சல் வந்தால் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லுவாள், ஸ்கூல் நாடகத்தில் வசனம் மறந்து நின்றபோது முன்வரிசையிலிருந்து சொன்னாள். நீ வேலைக்குச் சேர்ந்தபோது வாங்கியவர்களின் கருத்தைப் படித்துப் பதில் எழுதுவதும் விதிக்குப் புறம்பானதை எடுப்பதும் உன் பிரிவின் வேலை என்று சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. பதில் எழுதியது நீ. எடுத்ததும் நீதானா என்று எனக்குத் தெரியாது. எடுக்கச் சொல்லி மேலே இருந்து வந்ததா, நீ இதை உள்ளே யாருக்காவது சொன்னாயா, சொல்லியும் கேட்கவில்லையா, எனக்குத் தெரியாது. தெரியாததை நான் ஊகித்து எழுதியதில்லை, பெற்ற மகள் விஷயத்தில் அதை ஆரம்பிக்க மாட்டேன். ஒன்று மட்டும் பார் கண்ணு, ஒரே மனிதர் இரண்டு பேருக்கு எழுதினார், ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு. நீ படித்தாய், நான் பிரிக்கவே இல்லை. இதில் யார் பெரிய குற்றவாளி என்று எடை போட நான் தராசு தூக்கவில்லை.

கட்டுரையை எழுதி முடித்துவிட்டேன். என் தப்பு முதலில் வருகிறது, நான்கரை ஸ்டாரும், ‘நம்பிக் கட்டிக்கொள்ளலாம்’ என்ற வரியும், பிரிக்காத பையும், போகாத ஞாயிற்றுக்கிழமையும். அதற்குப் பிறகு கடிகாரக்காரர், அத்தை, ஏழு முறை விழுந்தது. உங்கள் கம்பெனிக்கு ஒன்பது கேள்வி அனுப்பினேன், எத்தனை பேர் ‘பிறகு’ என்று அழுத்தியிருக்கிறார்கள் என்பது முதல் கேள்வி. பயனர்களின் பாதுகாப்பே எங்கள் முதல் அக்கறை என்று நாலு வரி வந்தது, ஒன்பதுக்கும் சேர்த்து அதுதான். கட்டுரையின் நடுவில் ஒரு வரி உண்டு: ‘கட்டுரையாளரின் மகள் இந்த நிறுவனத்தில் கருத்துப் பிரிவில் பணிபுரிகிறார்.’ பக்க ஆசிரியர் அதை எடுத்துவிடலாம் என்கிறார், “யார் சார் கேக்கப்போறாங்க, பொண்ணு வேலைக்கு உலை வெச்சுடாதீங்க” என்றார். அந்த வரி இல்லாமல் போட்டால் மற்றவர்களிடம் நான் பன்னிரண்டு வருஷம் கேட்டதெல்லாம் வெறும் வாய்ச்சவடால். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. “ஒருத்தி போனது பத்தாதா, இவளையும் தொலைக்கணுமா” என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். மூன்றாம் நாள் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “போடுங்க. ஆனா அவகிட்ட கேட்டுட்டுப் போடுங்க” என்றாள்.

அதனால்தான் இந்தக் கடிதம். இந்தச் சனிக்கிழமை ஒரு சின்ன எச்சரிக்கை மட்டும் வருகிறது, பச்சை எரிந்தாலும் நம்பாதீர்கள், ஒருமுறை மெத்தையில் விழுந்து பாருங்கள் என்று, அதற்கு மேல் தள்ளிப்போட எனக்கு மனசாட்சி இடம் தரவில்லை. முழுக் கட்டுரை அதற்கு அடுத்த சனிக்கிழமை. எதிர்த்தரப்பைக் கேட்காமல் நான் ஒரு செய்தியும் கொடுத்ததில்லை, இந்தச் செய்தியில் எனக்கு மிச்சமிருக்கும் எதிர்த்தரப்பு நீதான். கடைசியில் மூன்று வரிக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன். உனக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் அது அப்படியே வரும், ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன். இல்லையென்றால் பதில் கிடைக்கவில்லை என்று போட வேண்டியிருக்கும், என் மகளைப் பற்றி அந்த வாசகத்தை என் கையால் எழுத வைக்காதே. கட்டுரை வரும் வாரத்து வெள்ளிக்கிழமை மதியம் பக்கம் மூடுகிறார்கள். அந்த வேலை போனால் போகட்டும், உன் அறை இங்கே அப்படியேதான் இருக்கிறது, அம்மா நேற்று ஜன்னல் திரையைத் துவைத்து மாட்டினாள்.

நீயும் தனியாக இருப்பவள், உன் கையிலும் அந்தப் பட்டை இருக்கிறது. இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக அதில் என்ன அழுத்தியிருக்கிறாய் என்று பார். குளியலறைக்கு வழுக்காத விரிப்பு ஒன்று வாங்கிப் போடு. வேளைக்குச் சாப்பிடு. எங்கள் இருவர் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு, இந்தக் கடிதத்தில் அது குறைந்துவிட்டதாக நீ ஒரு இடத்திலும் நினைக்கக் கூடாது.

போன் பண்ணு, பூத்திலிருந்தோ சிநேகிதி போனிலிருந்தோ. எடுத்ததும் உனக்குப் பேச வராவிட்டால் பரவாயில்லை, நான் வைக்க மாட்டேன்.

இப்படிக்கு
அப்பா