முள்வேலிக்கு அப்பால் செவலை

1971 பிப்ரவரி 9
லோத்குண்டா பேட்டைக்குப் பின்னால் இருக்கும் ராணுவப் புதர்க்காட்டில் எங்கள் மாடு செவலையை அப்பா அவிழ்த்து விட்டுவிட்டு வந்துவிட்டார். இரண்டு வருஷமாகச் சினை பிடிக்கவில்லை, பால் இல்லை. அதுதான் அது செய்த குற்றம்.
“கசாப்புக்காரனுக்கு வித்தா பாவம்டி.”
“இப்படி விட்டா?” என்றேன்.
“பகவான் பாத்துப்பார்.”
கழுத்து மணியை மட்டும் கழற்றிக்கொண்டு வந்திருக்கிறார். பித்தளையாம்! நரியும் நாயும் திரிகிற இடத்தில் ஒரு மாட்டை விட்டுவிட்டு, குளித்து, சந்தியாவந்தனம். பாவம் கையில் ஒட்டக்கூடாது, அவ்வளவுதான்.

பிப்ரவரி 10
காலித் தொழுவத்தைக் கூட்டினேன்.

மே 20
பஸ்ஸிலிருந்து பார்த்தேன். செவலைதான். ஒட்டிப் போன வயிறு, நாய் கிழித்த காது. ஆனால் உயிரோடு நிற்கிறது! தொட்டியில் ஊற்றி வைத்தால்தான் தண்ணீர் குடிக்கும் மாடு, இந்த வெயிலில் கல் வெட்டிய பள்ளத்துக்குள் இறங்கிக் குடிக்கிறது. யார் சொல்லிக் கொடுத்தார்கள்? பகவானா?
அம்மாவிடம் சொன்னேன். “உஷ், அப்பா காதுல விழப்போறது.” விழட்டுமே.

1972 ஆகஸ்ட் 26
தம்பி தியாகு காலேஜிலிருந்து ஓடி வந்தான். “அக்கா, செவலை கன்னு போட்டிருக்கு! ஹவ், சச்சி, நிஜமாத்தான்! கிட்ட வந்த நாயைக் கொம்பால தூக்கி வீசித்து!”
அப்பாவுக்குக் கேட்டுவிட்டது. “லக்ஷ்மி தானா வரா,” என்கிறார். புதுக் கயிறு வாங்கியாகிவிட்டது. அம்மா ஆரத்தி கரைக்க வேண்டுமாம்.
“விட்டுட்டு வந்தேளே?”
“விட்டாலும் நம்ம மாடுதானே!”
எப்படி வாய் வருகிறது? பால் நின்றால் பகவானுடைய மாடு, பால் வந்தால் நம்முடைய மாடு.

ஆகஸ்ட் 27
அப்பாவோடு நானும் முள்வேலிக்குள் போனேன். கன்று புதருக்குப் பின்னால் படுத்திருந்தது. அப்பா கயிற்றோடு நெருங்க, செவலை தலையைத் தாழ்த்திக்கொண்டு முன்னே வந்தது. அவர் பின்வாங்கியதில் கருவேல முள்ளில் வேட்டி கிழிந்தது.
காவல் சிப்பாய் வந்துவிட்டான். “யே ஆப் கா ஹை?” உங்களுடையதா என்று கேட்டான்.
“ஹாங், ஹாங்,” என்றார் அப்பா. நம்பாமல் என்னைப் பார்த்தான். அப்பாவும் பார்த்தார்.
“நஹீ,” இல்லை என்றேன்.
எங்கள் இருவரையும் வேலிக்கு வெளியே அனுப்பினான். வழியெல்லாம் அப்பா: “பெத்த அப்பனைப் பொய்யனாக்கிட்டியே!” ஆக்கினேனா? நான் சொன்னதுதான் நிஜம்.

ஆகஸ்ட் 28
அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார். அம்மா காபியை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். வாசல் பக்கம் ஒரு பார்வை. பிறகு மெதுவாக, “கன்னு காளையா, கிடேரியா?”
“கிடேரி.”
“கிடேரின்னு அப்பாகிட்ட சொல்லாதே,” என்றாள்.