இடதுபக்கக் கதவு

மார்ச் 4

அன்புள்ள மருந்துக்கடைக்காரருக்கு,

நலம்தானே? நானும் நலம் என்று எழுதக் கை தானாக வருகிறது, நம்பாதீர்கள். போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே சண்டை வருகிறது, இனிமேல் கடிதம்தான் என்று நாம் முடிவு செய்தது நல்லதுதான். ஆனால் கடிதம் எழுத ஒரு மேஜை வேண்டுமே. இந்த அரங்கத்தில் எல்லா மேஜையும் ஏதாவது ஒரு நாடகத்துக்குச் சொந்தம். சாதாரண மேஜை என்று ஒன்றுகூட இல்லை.

ஒரே மாதத்தில் மூன்று நாடகம். மூன்றுக்கும் செட் போடுகிறவள் நான் ஒருத்தி. நேற்று இயக்குநர் வந்து, "படிக்கட்டு அருமையா இருக்கு. ஆனா வேண்டாம்" என்றார். தச்சர் என் காதருகே, "மேடம், இப்பவே பிரிக்கணுமா, இல்ல நான் டீ குடிச்சுட்டு வரட்டுமா? அவர் மனசு மாறிடும்" என்றார். நான் கேட்கவில்லை, பிரித்தோம். சாயங்காலம் இயக்குநர், "அந்தப் படிக்கட்டு எங்கே?" என்கிறார். இதற்கு நடுவில் கோர்ட் நாடகத்தின் கதவைக் குடும்ப நாடகத்தில் மாட்டிவிட்டார்கள். ஒத்திகையில் அப்பாவாக நடிப்பவர் தலை துவட்டிக்கொண்டே குளியலறைக் கதவைத் திறந்து வருகிறார், கதவில் 'சாட்சிகள் மட்டும்' என்று எழுதியிருக்கிறது.

நீங்கள் கேட்டதை மறக்கவில்லை. அந்தப் புது ஊரில் ஆஸ்பத்திரி மருந்தகம் முழுக்க உங்கள் பொறுப்பில் வரும். நான் இந்த வேலையை விட்டுவிட்டு உங்களோடு வந்து இருக்க வேண்டும். அங்கே அரங்கம் என்று எதுவும் கிடையாது. வருகிறாயா, இல்லையா என்று ஒரே வரியில் கேட்டுவிட்டீர்கள். எனக்கு ஒரு வரியில் பதில் வரவில்லை. யோசிக்க உட்கார்ந்தால் யாராவது வந்து நாற்காலியைக் கேட்கிறார்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
வாலு


மார்ச் 9

என் வாலுவுக்கு,

கடிதம் வந்தது. அதன் பின்பக்கத்தில் ஒரு படிக்கட்டு வரைந்து, 'நாலாவது படி சத்தம் போட்டால் கொன்றுவிடுவேன்' என்று எழுதியிருக்கிறாய். அது தச்சருக்கா, எனக்கா என்று கொஞ்ச நேரம் குழம்பினேன். தச்சருக்கு என்றே வைத்துக்கொள்கிறேன்.

உன் அக்கா வந்திருந்தார். "அவ எப்ப வருவா?" என்று கேட்டார். "நாடகம் முடிஞ்சதும்" என்றேன். "எந்த நாடகம்?" என்றார். கல்யாணமான நாளிலிருந்து நாடகம் முடிந்ததும், நாடகம் முடிந்ததும் என்றுதான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். குறையாகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் குறைதான்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் மாதக் கடைசிக்குள் முடிவு கேட்கிறார்கள். குடும்ப நாடகத்தின் முதல் காட்சிக்கு நான் வருகிறேன். அதற்குமுன் பதிலை எழுதிவிடாதே, நேரில் சொல். எழுத்தில் நீ கெட்டிக்காரி, என்னைச் சிரிக்கவைத்தே தப்பித்துவிடுவாய். முகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

உன் இருமலுக்கு மருந்து இதோடு அனுப்பியிருக்கிறேன். மூடியை இறுக்கி மூடு.

அன்புடன்
மருந்துக்கடைக்காரன்


மார்ச் 15

அன்புள்ளவருக்கு,

அவசரம். டிக்கெட் வைத்திருக்கிறேன், மாலைக் காட்சி. நாடகம் முடிந்ததும் மேடைக்கு இடதுபக்கக் கதவுக்கு வந்துவிடுங்கள். அங்கே நிற்பேன். பதிலை அங்கே சொல்கிறேன், சத்தியமாக.

எனக்கு மூளை குழம்பிவிட்டது. நேற்று வேலை முடிந்து, செட்டில் விளக்கை அணைக்கச் சுவரைத் தடவிக்கொண்டிருந்தேன். நம் வீட்டில் ஸ்விட்ச் இருக்கிற இடம். அந்த ஸ்விட்ச் நானே தீட்டிய பெயின்ட். தச்சர் பார்த்துவிட்டு தன் டார்ச்சை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

வாலு


மார்ச் 22

அன்புள்ள உனக்கு,

சொன்ன இடத்தில் நின்றேன். கூட்டம் கலைந்தது. கூட்டிப் பெருக்குகிற அம்மா, "யாருக்காக நிக்கிறீங்க?" என்று கேட்டார். "செட் போட்டவங்களுக்காக" என்றேன். "அவங்க உள்ளதான் இருக்காங்க" என்றார். உள்ளேதான் இருக்கிறாய், வரவில்லை. போன் செய்திருக்கலாம். பதிலுக்காக உன்னைத் துரத்தியதுபோல் ஆகிவிடும் என்று செய்யவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகும்வரை நின்றுவிட்டுக் கிளம்பினேன்.

திரை விலகியதுமே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது நம் வீடு. சமையலறை ஜன்னலில் வளைந்த கம்பி, பாதி சாயம் போன திரைச்சீலை, நான் செய்தித்தாள் படிக்கும் மூலை எல்லாம் அப்படியே. பக்கத்தில் இருந்தவரிடம், "அது எங்க வீடு" என்றேன். அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

எனக்கு விளங்கவே இல்லை. வீட்டை இத்தனை பிரியமாகக் கட்டிவைத்தவளுக்கு ஒரு கதவைத் தாண்டி வர முடியாமல் போனது ஏன்? வீட்டுக்கு வந்து யோசித்து யோசித்துத் தலைவலி வந்ததுதான் மிச்சம். இதுதான் பதில் என்று எடுத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்குச் சம்மதம் சொல்லிவிட்டேன். நான் மட்டும் போகிறேன்.

கோபம் இல்லை. வலிக்கிறது.

இப்படிக்கு
நான்


மார்ச் 26

என் மருந்துக்கடைக்காரருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்த கோபத்தில் ஒரு பெயின்ட் டப்பாவை உதைத்துவிட்டேன். நான் இடதுபக்கக் கதவில்தான் நின்றேன். தலை சீவி, நல்ல புடவை கட்டிக்கொண்டு நின்றேன். நீங்கள்தான் வரவில்லை என்று பொருமிக்கொண்டிருந்தேன்.

தச்சரிடம் புலம்பினேன். அவர் கேட்டார்: "மேடம், அவர் நம்ம ஆளா, ஆடியன்ஸா?"

அப்போதுதான் உறைத்தது. எங்கள் தொழிலில் இடது என்றால், மேடையில் நின்று கூட்டத்தைப் பார்க்கிற நடிகருக்கு இடது. உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு அது வலது. நீங்கள் உங்கள் இடதில் நின்றீர்கள், நான் என் இடதில் நின்றேன். நடுவில் அந்தப் பெரிய மேடை. இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் செய்தும் இது தெரியாதா என்று கேட்க வாயெடுத்தேன். நான் ஒருநாளும் சொன்னதில்லை. நீங்களும் கேட்டதில்லை.

இத்தோடு முடித்திருந்தால் இது சிரித்துவிட்டுப் போகிற கடிதம். ஆனால் இன்னொன்றும் நடந்தது. நான் 'வருகிறேன்' என்று சொல்லத்தான் அங்கே நின்றேன். அது சத்தியம். நீங்கள் வரவில்லை என்றதும் அழுகை வந்தது. அப்போது தச்சர், "கோர்ட் செட்ட ஏத்தணும், வர்றீங்களா?" என்று கூப்பிட்டார். போனேன். சுவரைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தபோது மனசுக்குள் அப்பாடா என்று இருந்தது. உங்களைக் காணவில்லையே என்ற துக்கமும் அப்படியே இருக்கிறது, கூடவே அப்பாடாவும் இருக்கிறது. இது என்ன மாதிரி மனசு என்று எனக்குப் புரியவில்லை. எனக்கு உங்கள்மேல் பிரியம் குறையவில்லை, அதில் மட்டும் குழப்பமே இல்லை.

இப்போது என் பதில் என்ன என்று எனக்கே தெரியாது. மறுபடி ஒருமுறை கேளுங்கள். கேட்டால் சொல்லிவிடுவேன் என்று தோன்றுகிறது.

உங்கள்
வாலு


ஏப்ரல் 3

என் வாலுவுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு நடு அறையில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தேன். நீ சொல்வது சரிதான். நான் உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். உன் வேலை எப்போது முடியும் என்று மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

முந்தாநாள் இந்த ஊருக்கு வந்துவிட்டேன். மருந்தகம் பெரியது, வெளிச்சம் நன்றாக இருக்கிறது. சின்ன வீடு பார்த்திருக்கிறேன். உன் அக்காவிடம் முகவரி கொடுத்திருக்கிறேன். "ரெண்டு பேரும் சண்டையா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். அவர் நம்பவில்லை. சண்டை என்றால் அவருக்குச் சமாதானம் செய்துவைக்கத் தெரியும், பாவம்.

மறுபடி கேட்கச் சொல்கிறாய். நான் கேட்டால் நீ வருகிறேன் என்றுதான் சொல்வாய். சொன்னால் வந்துவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும். பிறகு இந்த வீட்டில் வாரம் ஒருமுறை கட்டிலைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, 'எனக்கு ஒன்றுமில்லை' என்று சிரிப்பாய். நான் வேலையிலிருந்து வரும்போதெல்லாம் உன் முகத்தைப் பார்ப்பேன், இவள் கடைசியாக எப்போது அப்பாடா என்று இருந்தாள் என்று யோசிப்பேன். அப்படி ஒரு வாழ்க்கையை உனக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அந்த நிம்மதி உனக்குச் செட் போடும்போதுதான் வருகிறது என்றால், நீ அங்கே இரு.

நீ வராவிட்டாலும் பரவாயில்லை என்று இந்த இடத்தில் எழுதியிருந்தேன், அடித்துவிட்டேன். பரவாயில்லை என்பது உண்மை இல்லை. ஆனாலும் கேட்க மாட்டேன்.

உன்
மருந்துக்கடைக்காரன்