பச்சை பிடித்த தோட்டாக்கள்

2008 செப்டெம்பர் 27, சனி

மழை. 7 பாகை. நிலவறை துப்புரவு, இன்றும் முடியவில்லை. லில்லெஸ்ட்ரோமில் இந்த வீட்டை வாங்கி இரண்டு வருடம், முன்பிருந்த கிழவரின் குப்பை இன்னும் எங்கள் தலையில். உடைந்த பனிச்சறுக்குத் தடிகள், மண்ணெண்ணெய் விளக்கு, பல் செட் ஒன்று (எறிந்தேன்). நல்லகாலம், ஈரமில்லாத நிலவறை. அரிசி மூட்டையே அங்கேதான்.

அடித்தட்டில் தகரப் பெட்டி. உள்ளே துப்பாக்கித் தோட்டா பன்னிரண்டு. சுற்றியிருந்த கடதாசியில் 1908. பித்தளை முழுக்கப் பச்சைக் களிம்பு. இவருடைய துப்பாக்கிக்கு அளவு சரியாம். நுனியில் ஈயமாம், வேட்டைக்கென்றே செய்ததாம். லொத்தர் விழுந்த முகம்.

"நூறு வயசுத் தோட்டாவாலை ஒரு எல்க் விழுத்தினா, அவங்கள் சாகுமட்டும் அதைத்தான் கதைப்பாங்கள்," என்றார்.

அவங்கள் என்றால் வேட்டைக் குழு. ஏழு பேர், ஆறு பேர் நோர்வேக்காரர், இவர் ஒருவர்தான் தமிழர். போன வருடம் மாட்டை விடப் பெரிய எல்க் மான் முன்னால் வந்து நிற்க, குறி தவறவிட்டார். இவர் பஸ் ஓட்டும் டிப்போ வரை அந்தப் பகிடி. அங்கே சேர்ந்து சிரித்துவிட்டு வந்து இங்கே சாப்பிடாமல் படுப்பார்.

செப். 28, ஞாயிறு

வெயில், ஆனால் குளிர். ஆர்னே வந்தார். குழுத் தலைவர், இவரோடு பஸ் ஓட்டுபவர். கோப்பி, வடை மூன்று. தோட்டா ஒன்றை யன்னலடியில் பிடித்துப் பார்த்தார். வேண்டாம் என்றார். இப்படிப் பச்சை பிடித்ததை நம்பக்கூடாது, ஒன்றில் வெடிக்காது, அல்லது பிந்தி வெடிக்கும், பொலிசில் கொடுத்துவிடு.

"யா, யா" என்று தலையாட்டினார் என் மனுசன். ஆர்னே போனதும் பெட்டியைச் சமையலறை மேசையில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டார். சோறு அப்படியே. நாற்பத்தெட்டு வயதுக் குழந்தை.

செப். 29, திங்கள்

வேலை 7–3. இன்று முதியோர் இல்லச் சமையலறையில் மீன் உருண்டை, மணம் தலைமயிர் வரை. நாளை நவராத்திரி தொடக்கம், அதனால் நேரே குறொன்லாண்ட் தமிழ்க் கடைக்கு.

புளி, திரி, கற்பூரம், அவல், கடலை. வெற்றிலை வாடல், விட்டேன்.

கடையில் ஒரு பெண் இன்னொருத்திக்கு: "கிளிநொச்சிப் பக்கம் நேற்றும் ஷெல் அடியாம். அண்ணான்ரை போன் வேலை செய்யேல்லை." கேட்காத மாதிரி வந்துவிட்டேன். எனக்கும் அங்கே ஆட்கள்.

குத்துவிளக்கு இரண்டு, செம்பு, தட்டம், மணி, எல்லாம் வாளியில், சுடுதண்ணீரும் புளியும். மேசையில் அந்தப் பெட்டி. அதுவும் பித்தளைதானே. பன்னிரண்டையும் உள்ளே போட்டேன். விடியும் வரை ஊறட்டும். பாவம், சந்தோசப்படட்டும்.

செப். 30, செவ்வாய்

எல்லாம் தேய்த்துத் துடைத்தாயிற்று. தோட்டாக்கள் என் காப்பை விட மினுக்கம்.

"இதென்ன, நேற்றுக் கடையிலை வாங்கின மாதிரிக் கிடக்கு. என்ன செய்தனீர்?"

"மினுக்கினனான்."

தோளில் தட்டினார். இரண்டு தட்டுச் சோறு. எத்தனை நாளுக்குப் பிறகு இந்த முகம். எனக்கும் பெருமைதான்.

மாலை கும்பம் வைத்தேன்.

அக். 5, ஞாயிறு

வேட்டை முதல் நாள். -1. விடிய எழும்பிப் பாண், சம்பல், பிளாஸ்கில் தேத்தண்ணீர் கட்டிக் கொடுத்தேன்.

"ஆர்னேக்குச் சொன்னனீங்களோ?"

"காட்டினனான். புதுசு எண்டு நினைச்சிட்டான். நானும் பேசாமல் விட்டிட்டன்." சிரிப்பு.

10.40க்குத் தொலைபேசி. ஆர்னே.

பிற்பகல், ஆஸ்பத்திரிக் கதிரையில். எல்க் நாற்பது மீட்டரில் நின்றதாம். இவர் விசையை இழுக்க டிக் என்றதாம், அவ்வளவுதான். வெடிக்காவிட்டால் துப்பாக்கிக் குழாயை அசைக்காமல் அரை நிமிடம் பொறுக்க வேண்டும். வேட்டைப் பரீட்சைக்கு இவரைப் பாடம் ஒப்புவிக்க வைத்ததே நான்தான். இவர் பொறுக்கவில்லை. எல்க் போய்விடும் என்று பின்பூட்டைத் திறந்திருக்கிறார். திறக்க வெடித்தது. பித்தளைத் துண்டுகள் முகத்தில். வலது கண்.

எல்க் ஓடக்கூட இல்லையாம். நடந்து போனதாம்.

அக். 6, திங்கள்

கண்ணை எடுத்துவிட்டார்கள். மற்றக் கண் தப்பியது. பஸ் ஓட்டுவது இனி இல்லை என்று வைத்தியர் சொன்னார். நோர்வேக்கு வந்து இவர் செய்த ஒரே வேலை.

ஆர்னே வாசலில் நின்று அழுதார். "புதியது என்று நம்பினேன். பச்சையாக இருந்திருந்தால் பறித்து எறிந்திருப்பேன்." இரண்டு தரம் சொன்னார். கடதாசித் துவாய் எடுத்துக் கொடுத்தேன்.

பொலிஸ் வீட்டுக்கு வந்து மிச்சம் பதினொன்றையும் கொண்டுபோனது. மருந்தில் ஈரம் ஏறினால் இப்படிப் பிந்தி வெடிக்குமாம், நிலவறையில் ஈரமா என்று கேட்டாள் வந்த பொலிஸ் பெண். ஈரம்தான் என்றேன். எழுதிக்கொண்டாள்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது. வெட்கமாக இருக்கிறது. அதைவிடப் பயமாக இருக்கிறது. வாளி இன்னும் குளியலறையில்.

அக். 9, வியாழன். விசயதசமி

மழை. வேலைக்கு லீவு. சோறு, பருப்பு, கத்தரிக்காய் கொண்டுபோனேன். கட்டு மாற்றினார்கள், நான் யன்னலைப் பார்த்தேன். பிறகு இவர் கதைத்தார், இந்த நாலு நாளில் முதல் தடவையாக நீளமாக.

"பொலிசுக்கு நான்தான் மினுக்கினனான் எண்டு சொல்லிப்போட்டன். உம்மை ஏன் இதுக்குள்ளை இழுப்பான்."

பருப்பைக் குழைத்துத் தீத்தினேன். இரண்டு வாய்.

"நீர் துணியாலை துடைச்சது மட்டும்தானே? தண்ணியிலை ஒண்டும் போடேல்லைத்தானே?"

இருக்கிற கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை," என்றேன். "துணியாலைதான்."

பெரிய மூச்சு ஒன்று விட்டார். "அப்ப பிழை முழுக்க என்ரைதான்," என்றார்.

என் கையைப் பிடித்தபடியே நித்திரையாகிவிட்டார். எடுக்கவில்லை. 5.10 ரயிலை விட்டேன்.