சேணம் சரிகிற பக்கம்

யூன் 12, வியாழன்

காலையிலிருந்தே சோளகக் காற்று. முற்றமெல்லாம் புழுதி. கிணற்றடியில் சீனியைக் குளிப்பாட்டினேன். சேணத்தின் வயிற்று வார் போகிற இடத்தில், இடது முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், மயிர் உதிர்ந்து தோல் சிவந்திருக்கிறது. உள்ளங்கை அகலம். விரல் பட்டதும் உடம்பைச் சிலிர்த்தாள். வெள்ளைக் குதிரை. மறைக்கவும் வழியில்லை.

சேணம் இடப்பக்கம் சரிகிறது. இன்று நேற்று அல்ல, எட்டு மாதமாக. சரியச் சரிய நான் வாரை ஒவ்வொரு துளையாகக் கூட்டி இறுக்கிக்கொண்டே வந்திருக்கிறேன். நுவரெலியாவிலிருந்து அவளோடு வந்த பழைய தோல் வார் அது. காய்ந்து விறகாகிவிட்டது. குற்றம் அதன் மேல்தான்.

செய்ய வேண்டியவை:
புது வார். மெத்தென்று இருக்க வேண்டும், வழுக்கவும் கூடாது.
கோழிக்கூட்டுக் கதவுக்குப் பிணைச்சல்.
உடுவில் சாமத்திய வீட்டுக்காரருக்குப் போன். ஆகஸ்ட் 17. பூப்புனித நீராட்டுக்கு வருகிற கனடாப் பிள்ளை. சீனியில் ஏறித்தான் மண்டபத்துக்கு வருவாளாம்.

கலாவுக்குப் புண்ணைக் காட்டவில்லை. காட்டினால், "இனி ஏறாதேங்கோ" என்பாள். இருபத்தாறு வருடமாக என்னோடு குடும்பம் நடத்துகிறவள், சொன்னால் சொன்னதுதான்.

வேறு யாரும் பார்க்கப் போவதில்லை, எழுதி வைக்கிறேன். சீனியின் முதுகில் இருக்கும் அரை மணித்தியாலம்தான் எனக்கு நாள். ஏறுமுன் வலது பொய்க்காலைக் கழற்றிக் கிணற்றுக்கட்டில் வைத்துவிடுவேன். மேலே இருக்கிறவனிடம் யாரும், "கால் எப்பிடிப் போனது?" என்று கேட்பதில்லை. அந்த அரை மணித்தியாலத்தை விட்டுவிட எனக்குப் பயம்.

யூன் 14, சனி

வெயில். பஸ்ஸில் யாழ்ப்பாணம். நிசாம் நானாவின் குஷன் கடை. ஓட்டோ சீற் தைக்கிற மனிதர், ஆனாலும் வார், பட்டி, கொக்கி எதைக் கொடுத்தாலும் செய்வார். பார்த்தவை:

சீற் பெல்ற் பட்டி. பலம் உண்டு, வழுக்கும்.
ரெக்சின். வேண்டாம்.
கன்வஸ். விளிம்பு வெட்டும்.
பருத்திக் கயிறு, பதினேழு இழை பக்கத்துக்குப் பக்கம் வைத்துக் கட்டுவது. நானா சொன்னது இதைத்தான். கயிறு எடுப்பித்துக் கட்டி முடிக்க மூன்று கிழமையாம்.

மூன்று கிழமை ஏறாமல் இருப்பதா? உள்ளுக்கு சைக்கிள் ரியூப் வெட்டி ஒட்டினால் என்ன என்று கேட்டேன். ரப்பர் பிடித்தால் விடாது.

"தம்பி, நீங்கள் ஓட்டோ சீற்றுக்குக் கேக்கிறமாதிரிக் கேக்கிறியள். சீற்றுக்கு வேர்க்காது."

சிரித்துவிட்டு வந்துவிட்டேன். சண்டைக் காலத்தில் ரியூப்பால் நாங்கள் கட்டாதது எது? கரியரில் விறகு, உடைந்த மூக்குக்கண்ணாடி, தண்ணீர்ப் பம்பியின் பெல்ற். அம்மாவின் சவப்பெட்டியையும் ரியூப்பால் கட்டித்தான் கொண்டுபோனோம்.

கயிற்று வாருக்கும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். இருக்கட்டும் என்று.

யூன் 15, ஞாயிறு

ரியூப் ஒட்டிப் பூட்டியாயிற்று. புண்ணுக்கு மேல் துணி மடித்து வைத்தேன். மருதனார்மடம் சந்தி வரை போய் வந்தேன். சேணம் ஒரு நூல் அசையவில்லை. ஆஞ்சநேயர் கோயிலடியில் ஒரு ஓட்டோக்காரர் மறித்துப் படம் எடுத்தார். இடுப்புக்கு மேலே மட்டும் எடுக்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கலா குரக்கன் புட்டும் மீன் குழம்பும். மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

யூன் 19, வியாழன்

நாலு நாளும் ஏறினேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

இன்று வாரைக் கழற்ற, துணி எப்போதோ விலகி, ரப்பரோடு தோலும் சேர்ந்து வந்தது. கிழிந்த சத்தம் கேட்டது. உள்ளே வெந்தமாதிரி. நாற்றம். சீனி கத்தவில்லை. முன்னங்கால்கள் இரண்டும் நடுங்கிக்கொண்டு நின்றாள்.

கலா வாளியோடு வந்தவள் பார்த்துவிட்டாள். வாளியை வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

யூன் 20, வெள்ளி

மிருக வைத்தியர் வந்தா. இளம் பெண்பிள்ளை. சுத்தம் செய்து, புண்ணில் ஏற்பு வராமலிருக்க ஊசி போட்டு, பூசும் மருந்தும் தந்தா. ஆறு கிழமை அந்த இடத்தில் ஒரு நூல்கூடப் படக் கூடாது.

பிறகு சேணத்தைத் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் வைத்து, "ஐயா, இதிலை ஏறி இருங்கோ பாப்பம்" என்றா. இருந்தேன். இடப்பக்கம் மெல்லச் சரிந்தது, குதிரையே இல்லாமல்.

"வாரிலை மட்டும் பிழை இல்லை ஐயா. நீங்கள் ஒரு பக்கம்தான் மிதிக்கிறியள். மற்றப் பக்கம் பாரம் இல்லை. அது சரியாமல் என்ன செய்யும்?"

மரியாதையாகத்தான் சொன்னா. எனக்கு முகம் கொதித்தது. எட்டு மாதம் ஒரு தோல் துண்டின் மேல் பழி போட்டிருக்கிறேன். அவ போனபின் கோழிக்கூட்டுக் கதவு திறந்து கிடந்ததற்காகக் கலா மேல் எரிந்து விழுந்தேன்.

மருந்து, காலையும் மாலையும். பிடித்துக்கொண்டு பூச என்னால்தான் முடியும். கலாவுக்கு இரத்தம் கண்டால் தலை சுற்றும். அவள் புல்லும் தவிடும் வைப்பாள்.

யூலை 3, வியாழன்

புண் காய்கிறது. ஓரத்தில் புதுத் தோல். மருந்து போடும்போது உதறுகிறாள், பல்லைக் காட்டுகிறாள். வலிக்கும்தானே.

ஒரு யோசனை. இடப்பக்கம் கூடுகிற பாரத்தை வலப்பக்கம் கட்டிவிட்டால்? மணல் பை. ஆனால் எவ்வளவு? இல்லாத என் வலது கால் எவ்வளவு நிறை என்று எனக்குத் தெரியாது.

சுன்னாகம் சந்தைக்குப் போனேன். தெரிந்த வெங்காய வியாபாரியிடம் விசயத்தைச் சொன்னேன். மூட்டைமேல் இருத்தி, இடது காலை முழங்கால் வரை தராசில் வைக்கச் சொன்னான். "இறுக்காதேங்கோ அண்ணை, சும்மா தொங்க விடுங்கோ." இரண்டு தரம் பார்த்தான். நாலேகால் கிலோ.

பின்னால் ஒருவன், "கிலோ என்ன விலை போகுது அண்ணை?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

வரும் வழியில் பஸ்ஸில் அந்தக் கணக்கையே நினைத்துக்கொண்டு வந்தேன். மீள்குடியேறி மூன்றாம் நாள், சொந்தக் காணியில் பற்றை வெட்டப் போய், மிதிவெடியில் போன கால். பிறகு தெல்லிப்பழை ஆஸ்பத்திரி. கண் விழித்தபோது இல்லை. அதை எங்கே புதைத்தார்கள் என்று இந்தப் பதினொரு வருடத்தில் நான் ஒருநாளும் கேட்கவில்லை. நாலேகால் கிலோ. ஒரு கைக்குழந்தை அளவு.

யூலை 12, சனி

நிசாம் நானாவின் கயிற்று வார் வந்துவிட்டது. நல்ல வேலை. இழைகளுக்கிடையில் காற்றுப் போகும், மயிரைப் பிடித்துக்கொள்ளும், குதிரையின் முன்னங்கால் முழங்கைக்குப் பின்னால் வரும் இடத்தை ஒடுக்கிக் கட்டியிருக்கிறார். என் கழுத்தில் போட்டுப் பார்த்தேன். மெத்தென்று இருந்தது. ரியூப்பைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. "அவளுக்கு இப்ப எப்பிடி?" என்று மட்டும்.

வெள்ளைக் கன்வஸில் பை தைத்து நாலேகால் கிலோ மணல். தொட்டிச் சுவரில் சேணம் வைத்து, வலப்பக்கம் பையைத் தொங்கவிட்டு ஏறி இருந்தேன். நடுவில் நின்றது. கலா கைதட்டினாள். தோல் கிழிந்த அன்றைக்குப் பிறகு இன்றைக்குத்தான் முகம் கொடுத்துக் கதைத்தாள்.

இன்னும் மூன்று கிழமை. நாட்காட்டியில் கோடு போடுகிறேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வைத்தியர் நேற்று வந்து பார்த்து, சேணம் போடலாம் என்றா. புது மயிர் முளைத்திருக்கிறது.

விடியவே வாரைத் தோளில் போட்டுக்கொண்டு கொட்டிலுக்குப் போனேன். நான் முற்றம் தாண்ட முதலே சீனி கயிற்றின் கடைசி வரை ஓடிச் சுவரோடு ஒட்டி நின்றாள். வெள்ளை விழி தெரிந்தது. கிட்டப் போனேன். தோளில் கடித்தாள். சட்டை கிழிந்தது.

காற்றுக்கு மிரண்டிருப்பாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காற்று இல்லை. வாரை வீட்டில் விட்டுவிட்டு வெறுங்கையோடு போனேன். அதே ஓட்டம். கலா பின்னால் நின்று பார்த்தவள், "உங்கடை நடையைக் கேட்டாலே அவளுக்கு நடுங்குது" என்றாள்.

பொய்க்காலின் சத்தம். ஊரில் வேறு யாருக்கும் அப்படி ஒரு நடை இல்லை. வார் இறுக்கியதும் இந்தச் சத்தம், மருந்து போட்டதும் இந்தச் சத்தம்.

பின்னேரம் காலைக் கழற்றிவிட்டு ஊன்றுகோலோடு போனேன். கொஞ்சம் பொறுத்தாள். பிறகு மணம் பிடித்திருக்க வேண்டும். சிறுநீர் விட்டாள், பயத்தில். நான் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

கலா போய்க் கழுத்தைத் தடவினாள். சீனி தலையை அவள் நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

முகில். மழை இல்லை.

சாமத்திய வீட்டுக்கு ஒன்பது நாள். பிள்ளை ஏறுகிற சேணம், ஆளை வைத்துப் பார்க்காமல் விட முடியாது. மூன்று நாளாக யோசித்துக் காலையில் கலாவிடம் சொன்னேன்.

"நானோ? இந்தச் சோட்டியோடையோ?" என்று உடுத்திருந்த வீட்டுச் சட்டையைப் பிடித்துக் காட்டினாள்.

"வேறை ஆர் இருக்கினம்."

நான் கிணற்றடியில் நின்று சொல்லச் சொல்ல, அவளே எல்லாம் பூட்டினாள். வாருக்குள் இரண்டு விரல் போகிறதா என்று பார்க்கச் சொன்னேன். போகிறது. முழங்கையிலிருந்து நாலு விரல் தள்ளி இருக்கிறதா? இருக்கிறது. மணல் பையைக் கழற்றி வைக்கச் சொன்னேன். அவளுக்கு அது தேவையில்லை.

தொட்டிச் சுவரில் ஏறி, "முருகா" என்றுகொண்டு காலைப் போட்டு இருந்தாள். சீனி காதைக்கூட அசைக்கவில்லை. கயிற்றைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போக நான் இரண்டு அடி வைத்தேன். சத்தம் கேட்டதும் சீனி பின்னுக்குப் போனாள். கலா விழப் பார்த்துப் பிடரி மயிரைப் பிடித்தாள்.

"இஞ்சாருங்கோ, நீங்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ."

மாமரம் வரை தள்ளிப் போனேன். அவளே கயிற்றைப் பிடித்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றினாள். ஒரு சுற்று. இரண்டு. முதலில் பயந்த முகம், பிறகு சிரிக்கத் தொடங்கிவிட்டாள். அப்படிச் சிரித்து எத்தனை வருடம்.

"சரியுதோ? பாத்துச் சொல்லுங்கோ" என்று கேட்டாள்.

பார்த்தேன். நட்டநடுவில் இருந்தது. "இல்லை" என்றேன். அவளுக்குக் கேட்கவில்லைப்போல. சொல்ல ஒரு அடி முன்னுக்கு வைத்தேன். சீனி நின்றுவிட்டாள்.